மதுரை வெயிலில் மரப்பெரணி வளர்ப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானலுக்குப் போய்வரும் மதுரைக்காரர்களில் சிலர், திரும்பும் வழியில் ஏதாவது ஒரு நாற்றுப்பண்ணையில் வண்டியை நிறுத்தி, அழகாகத் தோகை விரித்து நிற்கும் மரப்பெரணி (ட்ரீ ஃபெர்ன்) ஒன்றை வாங்கிப் பின்னிருக்கையில் சாய்த்து வைத்து, வத்தலக்குண்டு வழியாக ஊருக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தச் செடிகளில் பெரும்பாலானவை அடுத்த கத்திரி வெயிலைத் தாண்டுவதில்லை. அதற்குச் செடியையும் குறை சொல்ல முடியாது, விற்றவரையும் குறை சொல்ல முடியாது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் கூடும் என்ற பொதுக் கணக்கின்படி, ஒரே பிற்பகலில் அந்தச் செடி 13 டிகிரி கூடுதல் வெப்பத்துக்குள் இறக்கிவிடப்படுகிறது.

மதுரையில் மரப்பெரணி வளர்க்கவே முடியாது என்பதல்ல இதன் பொருள். நிழல், காற்றின் ஈரம், உப்பில்லாத தண்ணீர் ஆகிய மூன்றையும் முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, செடியைக் கடைசியில் வாங்கினால் வளர்க்கலாம். அந்த வரிசையிலேயே இந்தக் கட்டுரையும் செல்கிறது.

செடியின் அமைப்பு

மரப்பெரணியின் அடிமரம் உண்மையான கட்டை அன்று. நடுவில் ஒல்லியான தண்டும், அதைச் சுற்றி மேலிருந்து கீழ்நோக்கி வளர்ந்து பின்னிக் கிடக்கும் கரிய வேர்களும் சேர்ந்துதான் நமக்கு அடிமரமாகத் தெரிகின்றன. ஆகவே மண்ணுக்கு மட்டும் தண்ணீர் விட்டால் போதாது. அடிமரமும் நனைய வேண்டும். உச்சியில் பெரும்பாலும் ஒரே குருத்துதான் இருக்கும். அது அழுகினாலோ கருகினாலோ பக்கத்தில் வேறொன்று வெடித்து வராது; செடி அத்துடன் முடிந்தது. புதிய இலை, பழுப்பு நிறச் செதில்கள் போர்த்திய இறுக்கமான சுருளாகக் குருத்திலிருந்து எழும்பி, முதலில் நடுக்காம்பு நிமிர்ந்து, பிறகு பக்கச் சிற்றிலைகள் ஒவ்வொன்றாகத் தம் சிறு சுருள்களை அவிழ்க்கும். இந்த நாட்களில்தான் செடிக்கு ஈரம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. சுருள் அவிழும்போது ஒருநாள் வறண்ட காற்று பட்டாலும், முழுமையாக விரிந்த பிறகு அந்த இலையின் நுனி கருகியே இருக்கும்; அதைச் சரிசெய்ய வழியில்லை.

பகல் வெயிலைவிட இரவு வெப்பமே மலைச்செடிகளுக்குப் பெரிய பகை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேலேயே இருக்கும். வெப்பமான இரவில் செடி சுவாசிக்கும் வேகம் கூடுவதால், பகலில் சேர்த்த சர்க்கரையை இரவில் செலவழித்துவிட்டு, இலைக்கு இலை சிறுத்துக்கொண்டே போகும். நிழலும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுத்தும் செடி ஏன் மெலிகிறது என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலும் இதுதான் விடை. இந்த ஊருக்கு வகையைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருக்க வேண்டியதும் இதனால்தான்.

முதல் வேலை: இடம்

வீட்டின் வடக்குப் பக்கமோ, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கமோ ஏற்றது. மேற்குச் சுவரை ஒட்டிய இடம், எவ்வளவு நிழல் இருந்தாலும், ஆகாது. பிற்பகல் முழுவதும் வெயில் வாங்கிய சுவர் இரவு பத்து மணி வரை அனலைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கும். மாமரம், புங்கமரம், வேப்பமரம் போன்ற ஏதாவது ஒன்றின் நிழல் ஏற்கெனவே இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மரநிழலில் இருக்கும் குளிர்ச்சியை நிழல்வலையால் முழுமையாகத் தர முடியாது. இலைகள் நீராவியை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன, வலை வெயிலை மட்டுமே தடுக்கிறது. ஆனாலும் மரம் இல்லாத வீட்டுக்கு வலைதான் வழி. 75 விழுக்காடு நிழல் தரும் வலையாகக் கேட்டு வாங்கி, குறைந்தது பத்தடி உயரத்தில் கட்டுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்படி தாழ்வாகக் கட்டினால், சூடான காற்று வலைக்கு அடியிலேயே தங்கிவிடும். மொட்டைமாடியில் மரப்பெரணி வைக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

தரை சிமென்ட்டாக இருந்தால், செடி நிற்கும் இடம் முழுவதும் மூன்று அங்குல உயரத்துக்கு உடைந்த செங்கல் துண்டுகளைப் பரப்பி, நாள்தோறும் காலையிலும் பிற்பகலிலும் நனைத்துவிடுங்கள். செங்கல் உறிஞ்சிய நீர் மெல்ல ஆவியாகிச் செடியைச் சுற்றிக் குளுமையைத் தரும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் குளிர்ச்சி கூடும் என்பது மதுரைக்கு ஒரு வசதி. கடற்கரை ஊர்களில் இதே முறை இவ்வளவு பலன் தராது.

அடுத்தது ஆடிக்காற்று. தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்தில் பெய்து தீர்ந்த பின், மலையைத் தாண்டி இறங்கிவரும் காற்று ஈரம் இழந்து வறண்டிருக்கிறது. ஆனி பிறந்தது முதல் ஆவணி வரை தேனி, திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் அது விடாமல் வீசும். சித்திரை வெயிலைத் தாங்கிய பெரணிகள்கூட இந்தக் காற்றில் தோகை கிழிந்து, ஓரம் காய்ந்து போகின்றன. மேற்குப் பக்கத்தில் ஒரு நொச்சி வேலி போடுங்கள். கிளையை வெட்டி ஊன்றினாலே முளைத்துவிடும், ஆடுகளும் அவ்வளவாகக் கடிக்காது. மதில்சுவர் காற்றைத் தடுத்தாலும் அதன் மேலேறி வரும் காற்று மறுபக்கத்தில் சுழன்று அடிக்கும். வேலி காற்றைச் சல்லடையாக வடித்து அனுப்புவதால் அதுவே மேல். வேலி வளரும் வரை நிழல்வலையை இரண்டடுக்காக மேற்குப் பக்கத்தில் செங்குத்தாகக் கட்டிக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்த பிறகு, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி ஒன்றைச் செடி நிற்கப்போகும் உயரத்தில் தொங்கவிட்டு, பங்குனியில் ஒரு வாரம் பிற்பகல் மூன்று மணிக்குப் பாருங்கள். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாமலும் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் இடம் தயார். இல்லையென்றால் பனிமூட்டம்போல் நீரைத் தூவும் ஃபாகர் குழாய்களை மேலே பொருத்தி, காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை சிறிது சிறிதாக விட்டு விட்டு இயங்கும்படி டைமர் வைக்க வேண்டும். அழகர்மலை அடிவாரம், நத்தம் பக்கம் தோப்பும் கிணறுமாக இருப்பவர்களுக்கு இந்தச் செலவு குறையும். சிறுமலையிலோ தாண்டிக்குடியிலோ காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. அவர்கள் நேராக நடவுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது வேலை: தண்ணீர்

மதுரையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கொண்டது. ரோஜாவும் செம்பருத்தியும் பொறுத்துக்கொள்ளும், பெரணி பொறுக்காது. இலை நுனியில் பழுப்பு விளிம்பு தோன்றி உள்நோக்கிப் பரவும், தொட்டி மண்ணின் மேல் வெள்ளைப் பூச்சுப் படியும், நாளடைவில் புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுத்து வெளிவரும். வெளுப்புக்குக் காரணம், சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால் செடிக்கு இரும்புச் சத்து கிடைக்காமல் போவதே. மேலும் மேலும் உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

ஆகவே மழைநீரைச் சேமியுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டதால், மாடியிலிருந்து இறங்கும் குழாய் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கும்; அதில் ஒரு கிளை பிரித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்குக் கொண்டுபோனால் போதும். கணக்கு எளிது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழுகிறது. முதல் அழுக்குத் தண்ணீரைக் கழித்துவிட்டாலும் 700 லிட்டர் கைக்கு வரும். நான்கு செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து ஐந்து லிட்டர் என்றால் 20 லிட்டர். மாசி நடுவிலிருந்து ஆனி நடு வரையிலான நான்கு மாதத்துக்கு 2,400 லிட்டர் வேண்டும். எனவே ஆயிரம் லிட்டர் தொட்டிகள் மூன்று இருந்தால் நான்கு செடிகளுக்கு மேல் ஆசைப்படாதவர் நிம்மதியாக இருக்கலாம். தொட்டியின் கொள்ளளவை வைத்துச் செடிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். ஃபாகருக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டும்; அதிலும் உப்புத் தண்ணீரைவிட்டால் துளை அடைத்துக்கொள்ளும், தோகையெங்கும் வெள்ளைப் புள்ளிகள் விழும்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை வாளியில் பிடித்துப் பயன்படுத்தலாம். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் இதற்கு நேர்மாறானது. அதில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் பெரணி இருக்கும் பக்கமே கொண்டுபோகக்கூடாது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

மூன்றாவது வேலை: எதை வாங்குவது, எங்கே வாங்குவது

தொடக்கத்திலேயே பெரிய மரப்பெரணியை வாங்காமல், முதல் ஆண்டு முழுவதும் எளிய பெரணிகளை வைத்து இடத்தைச் சோதியுங்கள். பாஸ்டன் பெரணி, பறவைக்கூட்டுப் பெரணி எனப்படும் அஸ்பிளேனியம், மான்கொம்புப் பெரணி ஆகியவை ஒரு கோடைகாலத்தை நுனி கருகாமல் கடந்தால், உங்கள் ஏற்பாடு சரியாக இருக்கிறது. அவையே கருகினால், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் செடி எப்படிப் பிழைக்கும்?

இரண்டாம் ஆண்டில் பிளெக்னம் கிப்பம். 'சில்வர் லேடி' என்ற வணிகப் பெயரில் கிடைப்பதும் இதன் ஒரு வகையே. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த இது, வெப்பத்தை ஓரளவு தாங்கும்; மூன்றடிக்குள் நின்று, சிறிய கரிய அடிமரமும் ஒழுங்காக விரிந்த தோகையுமாக மரப்பெரணியின் முழு அழகையும் தொட்டியிலேயே காட்டும். என் கருத்தில் மதுரை நகருக்குள் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, இதிலேயே நாலைந்து வளர்த்தாலும் குறைவில்லை.

உண்மையான மரப்பெரணிகளில் சயாத்தியா ஜைஜான்டியா நம் நாட்டுச் செடி. வடகிழக்கு இந்தியாவிலும் தென்னிந்திய மலைகளிலும் ஒப்பளவில் தாழ்ந்த உயரங்களிலேயே வளர்கிறது என்பதால் மற்றவற்றைவிட வெப்பத்துக்கு இசைந்தது. பளபளக்கும் கருங்காம்பு இதன் அடையாளம். ஆஸ்திரேலிய மரப்பெரணியான சயாத்தியா கூப்பெரி வேகமாக வளரும், நாற்றுப்பண்ணைகளில் எளிதில் கிடைக்கும். இலை உதிர்ந்த இடத்தில் அடிமரத்தில் காசு பதித்தாற்போன்ற வட்டத் தழும்புகள் இருக்கும். நல்ல ஈரம் இருந்தால் இதை முயன்று பார்க்கலாம். ஆனால் டிக்சோனியா அண்டார்க்டிகாவை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது டாஸ்மேனியாவும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவுமான குளிர்நாட்டுச் செடி. அதன் அடிமரத்தை வெட்டி நட்டாலும் வேர்விடும் என்று படித்துவிட்டு, சயாத்தியாவின் வெட்டிய அடிமரத்தை வாங்கி நடுபவர்களும் உண்டு; சயாத்தியா பொதுவாக அப்படிப் பிழைப்பதில்லை.

சில கடைகளில் சைகஸ் செடியை மரப்பெரணி என்று விற்கிறார்கள். சைகஸ் இலை தடித்து விறைப்பாக, நுனியில் முள்ளாகக் குத்தும். இலையின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். முதிர்ந்த பெரணி இலையைத் திருப்பினால் பழுப்புப் புள்ளிகள் நரம்பின் இருபுறமும் வரிசையாக இருக்கும்.

காட்டிலிருந்து எடுத்த செடியை ஒருபோதும் வாங்காதீர்கள். பழனிமலைச் சோலைகளின் ஓடைக்கரையில் நிற்கும் சயாத்தியா கிரினிட்டா, மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள அரிய செடி. சயாத்தியா நீலகிரியென்சிஸ் தென்னிந்தியாவுக்கே உரியது. கொடைக்கானல் மலைக்காடுகள் 2013ஆம் ஆண்டு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து ஒரு நாற்றைப் பிடுங்குவதும் குற்றமே. அதோடு சயாத்தியாக்கள், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் உரிய அனுமதி வேண்டும். வித்திலிருந்து (இலையின் அடியில் உண்டாகும் பொடி, ஸ்போர்) வளர்த்ததா என்று கேட்டு, ரசீதுடன் வாங்குங்கள். தொட்டிக்குள் வேர் முழுவதும் பரவியிருந்தால் அது பண்ணையில் வளர்ந்தது; அடிமரம் மட்டும் பருத்து, வேர் அறுபட்டு, புது மண்ணில் செருகி வைக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஓரடி உயர நாற்றே போதுமானது. சிறிய செடி புதிய ஊருக்கு விரைவில் பழகும், விலையும் குறைவு.

நடவு

புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை நடலாம். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்து, தை, மாசியில் இரண்டு மூன்று இலை விட்டபின் கோடை வந்தால் செடி தாங்கும். செடியைக் கொண்டு வரும்போது தோகைகளை மேல்நோக்கிச் சேர்த்து ஈரத்துணியால் தளர்வாகக் கட்டி, விடியற்காலையில் இறக்குங்கள். வந்தவுடன் மண்மாற்றம் செய்யாமல், இரண்டு வாரம் வீட்டின் மிக நிழலான மூலையில் அப்படியே விட்டுவையுங்கள்.

மண்கலவைக்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, விரல்நுனி அளவு அடுப்புக்கரித் துண்டுகள் ஒரு பங்கு. நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் வேண்டாம். ஈரத்தில் இறுகிக்கொண்டு, காய்ந்தால் வெடிக்கும், காரத்தன்மையும் உண்டு. தொட்டியில் வைப்பவர்கள் மண்தொட்டியைத் தேர்ந்தெடுத்து, அதைவிடப் பெரிய இன்னொரு தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி நனைத்துவந்தால் வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். தரையில் நடுவதென்றால் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். அகலம் முக்கியம், ஆழம் அவ்வளவு அன்று. பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, மேலே காய்ந்த இலைகளை மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். குருத்து எக்காரணத்தாலும் மண்ணில் புதையக்கூடாது.

நடும்போதும் தோகை வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். காம்பிலுள்ள பொடிச்செதில்கள், குறிப்பாகக் கூப்பெரியில், தோலில் அரிப்பையும் கண்ணில் உறுத்தலையும் தரும்.

ஆண்டு முழுவதுமான பராமரிப்பு

கோடையில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் தண்ணீர் விடுங்கள். சொட்டுநீர்க் குழாயின் முனையை அடிமரத்தின் மேற்பகுதியில் கட்டிவிட்டால், நீர் வேர்ப்பின்னல் வழியாகக் கசிந்து இறங்கும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தவுடன் வரும் தண்ணீர் கையில் பட்டாலே சுடும். அதை ஓடவிட்டு, குளிர்ந்த பின்பே செடிக்குத் திருப்ப வேண்டும். மழைக்காலத்தில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

உரம் ஆவணி முதல் மாசி வரை மட்டும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவிலுள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, அந்தக் கரைசலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மண்ணுக்கு ஊற்றினால் போதும். மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போட்டாலும் சரி. மக்காத சாணம் வேரைச் சுட்டுவிடும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பவர்கள், சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்து பெரணி மண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழுத்துத் தொங்கும் தோகைகளைக் கோடையில் வெட்டாதீர்கள். அவை பாவாடை கட்டியதுபோல் அடிமரத்தை வெயிலிலிருந்து மறைக்கின்றன. மழை தொடங்கிய பின் காம்பில் ஒரு சாண் விட்டு வெட்டிக்கொள்ளலாம்.

பூச்சிகளைப் பற்றிப் புதியவர்கள் படும் முதல் கலவரம், இலைக்கு அடியிலுள்ள பழுப்புப் புள்ளிகளைச் செதில்பூச்சி என்று எண்ணிச் சுரண்டி எடுப்பது. வரிசை தவறாமல், ஒரே அளவில், இலையின் அடியில் மட்டும் இருந்தால் அது வித்துக்கூட்டம். காம்பிலும் மேல்பக்கத்திலும் தாறுமாறாக ஒட்டியிருந்து, நகத்தால் தள்ளினால் பிசுபிசுத்தால் அது பூச்சி. மாவுப்பூச்சியையும் செதில்பூச்சியையும் ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே பாதுகாப்பு. வேப்பெண்ணெய்க் கரைசல் பெரணி இலையைக் கருக்கக்கூடும் என்பதால், ஒரு சிற்றிலையில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஐப்பசி மழையில் நத்தைகள் இளஞ்சுருள்களைத் தின்ன வரும். இரவில் டார்ச் விளக்குடன் பொறுக்கி எடுப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

எண்ணிக்கையைப் பெருக்க: வித்து விதைத்தல்

மூன்று செடிகளோடு மனம் நிறையாதவர்கள், வித்திலிருந்து நாற்று எழுப்பலாம். காசு செலவில்லை, பொறுமைதான் வேண்டும். வித்துக்கூட்டம் பச்சையிலிருந்து பழுப்பாக மாறிய தருணத்தில் ஓர் இலைத்துண்டை வெட்டி, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, இன்னொரு தாளால் மூடி, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். ஓரிரு நாளில் தாளில் மென்பொடி உதிர்ந்திருக்கும். தாளைச் சற்றுச் சாய்த்துத் தட்டினால் சருகுத்துகள் முதலில் உருண்டு போய்விடும். தாளில் ஒட்டிக்கொண்டு நிற்பதே வித்து.

அகலமான மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவில் சலித்த நார்க்கழிவும் இலைமக்கும் கலந்து இரண்டு அங்குலம் நிரப்பி, கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் பாசியும் பூஞ்சையும் முந்திக்கொள்ளும். ஆறியபின் வித்தைத் தாளிலிருந்து மெலிதாகத் தூவி, மண் போட்டு மூடாமல், டப்பாவை மூடி, வெயில் நேரே படாத சன்னலோரம் வையுங்கள். மார்கழி, தை இதற்கு ஏற்ற காலம். சில வாரங்களில் பச்சைப்படலம் தோன்றி, பிறகு இதயவடிவச் சிறு தகடுகளாகத் தெளிவாகத் தெரியும். இவை இன்னும் பெரணி அல்ல. இவற்றின் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் பெண்ணணுவைச் சேர முடியும். ஆகவே இந்தக் கட்டத்தில் ஆறவைத்த கொதிநீரை வாரம் ஒருமுறை நுண்துளியாகத் தெளிக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஒரு சிறிய உண்மையான இலை எழும்பும். விதைத்ததிலிருந்து இதற்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம்.

நாற்றுகள் ஓர் அங்குலம் வளர்ந்ததும் நாலைந்தைச் சேர்த்துக் கொத்தாகச் சிறு கப்புகளில் மாற்றி நடுங்கள். தனித்தனியாகப் பிரித்தால் வேர் அறும். கப்பைப் பாலித்தீன் பைக்குள் வைத்து, பையின் வாயை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒரு மாதத்தில் வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். முதல் கோடையில் இந்த நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, கையளவு இலை விட்டவற்றை மட்டும் புரட்டாசி மழை தொடங்கியபின் நிழல்வலைக்குள் இறக்குங்கள்.